பெரிய ஆற்றைத் திருப்பிவிட்ட முப்பிடாதி

முப்பிடாதி அமெரிக்கா போனது நிஜம். அதை எங்க ஊர்ல யாரும் மறுக்க முடியாது. தங்கச்சி வடிவுக்கு அங்கே பிரசவம். தாயார் இல்லாத பிள்ளை, அக்காதான் துணைக்கு வரணும்னு வடிவு வீட்டுக்காரர் டிக்கெட் அனுப்பினார். ஆறு மாசம் இருந்துட்டுத் திரும்பினவ, மறுவாரமே எங்களோட நூறு நாள் வேலைக்கு வந்துட்டா. கால்வாய் தூர்வாருற இடத்துல கஞ்சி குடிக்க உட்கார்ந்தப்போ ஆரம்பிச்சா. காதுல விழுந்ததைச் சொல்றேன். நம்புறது உங்க பாடு.

"அந்த ஊரு அமெரிக்காவோட கடைசி ஊரு கேட்டியா. நடுவுல ஒரு ஆறு. பேரே 'பெரிய ஆறு'தான். பாத்தா நம்ம ஓடை அளவுகூட இல்ல. ஆத்துக்கு இந்தப் பக்கம் அமெரிக்கா, அந்தப் பக்கம் மெக்சிகோ. போன மறுநாளே மல்லித்தழை வாங்கக் கெளம்புனேன். பச்சைச் சட்டை போட்ட எல்லைக் காவல்காரன் ஒருத்தன் மறிச்சான். என் நிறத்தைப் பாத்தான், மூக்கைப் பாத்தான், 'நீ மெக்சிகோக்காரிதானே, போ ஒன் ஊருக்கு'ன்னு பாலத்துல ஏத்திவிட்டுட்டான்."

"பாஸ்போர்ட்டைக் காமிக்க வேண்டியதுதானே மதினி?" கேட்டா மாடத்தி. எங்க கூட்டத்துல எதையும் லேசுல நம்பாதவ அவதான்.

"மல்லித்தழை வாங்க எவளாவது பாஸ்போர்ட்டு கொண்டுபோவாளாட்டி? அந்தக் கரைக்குப் போனா, அங்க உள்ள போலீசு அவன் பாஷையில என்னமோ கேட்டான். நான் தமிழ்ல நல்லாக் குடுத்தேன். 'யம்மா, நீ எங்க ஆளு இல்ல'ன்னு திருப்பி அனுப்பிட்டான். இந்தக் கரையில மறுபடி அதே பச்சைச் சட்டை. இப்படியே அன்னைக்கு மட்டும் நாப்பத்தொரு தடவை பாலத்துல போயிட்டு வந்தேன். செருப்பு தேஞ்சு, பாலமும் ரெண்டு இஞ்ச் தேஞ்சுபோச்சு."

"பாலம் தேஞ்சுச்சா?" செல்வராணி வாயில இருந்த கஞ்சியைத் துப்பிட்டா.

"மறுவாரம் பூசிவிட்டானுவளே. அந்த நாப்பத்தொண்ணாந் தடவையிலதான் ஒத்திலியான்னு ஒரு மெக்சிகோக்காரி என்னைப் பாத்தா. 'இவ எங்க சித்தி மக'ன்னு அடிச்சுப் பேசிக் கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்தா. மெக்சிகோக்காரின்னு சொல்லுதேனே தவிர, இந்தக் கரையில அவ பாட்டனுக்குப் பாட்டன் கட்டுன வீட்லதான் இருக்கா. எல்லைக் கோடு போட்டதே அதுக்கு அப்புறந்தான். ஆனாலும் நேத்து வந்தவன்லாம் அவளைப் பாத்து, எங்கேருந்து வந்தேன்னு கேக்கான்."

இதைச் சொல்லும்போது முப்பிடாதி சிரிக்கல.

"அவ வேலைபாத்தது ஒரு சலவைக் கம்பெனி. பிள்ளை தூங்குத நேரத்துல நானும் தொணைக்குப் போயி உக்காருவேன். அங்க மேஸ்திரி ஹார்லன்னு ஒருத்தன். நாப்பது பொம்பளைங்க இருக்காவ, ஒருத்தி பேரும் அவன் வாயில வராது. எல்லாரும் அவனுக்கு 'மரியா'தான். ஒருநாள் சட்டம் போட்டான்: 'உள்ள ஒங்க பாஷையில ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசினா வெளிய வெயில்ல நிக்கணும்.' அந்த ஊரு வெயிலுக்கு நம்ம சித்திரை வெயில் எல்லாம் நெழலு."

"பெறவு?"

"பெறவென்ன, பேசல. தும்முனாவ."

"தும்முனாவளா?"

"அவுக பாஷையிலேயே தும்முனாவ. சோப்பு வேணும்னா ஒரு தும்மல், வாளி வேணும்னா ரெண்டு, ஹார்லன் வாரான்னா வரிசையா ஏழு. அவன் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பாக்கான், தும்மலுக்குச் சட்டம் இல்ல. ஆனா பேசாத பேச்சு எங்க போவும்? எல்லாம் தண்ணியில எறங்கி, வெளுத்த துணியில ஏறிட்டு. கோர்ட்டுல நீதிபதி கையைத் தூக்குதாரு, அவர் சட்டைக் கை 'புவெனஸ் தியாஸ்'னு சத்தமா வணக்கம் சொல்லுது. ஆஸ்பத்திரியில போர்வை எல்லாம் ராத்திரி பகல் பாக்காம நோயாளிக்குத் தாலாட்டு பாடுது. ஹார்லனோட சொந்தக் கால்சட்டை, அவன் நடக்க நடக்க அவனையே வையுது."

"கால்சட்டை வைஞ்சதை நீ கேட்ட?"

"கேட்டதோட சரியா? ரெண்டு வசவு மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கேன். சின்னப் பிள்ளைங்க இருக்கு, வேண்டாம்." சுத்தியும் சின்னப் பிள்ளை ஒண்ணும் இல்ல. அதை மாடத்தி சொல்லிக் காட்டினா. முப்பிடாதி காதுல வாங்கல.

"எல்லாத்துக்கும் ஒத்திலியாதான் காரணம்னு ஹார்லனுக்குக் கோவம் தாங்கல. எங்கெங்கயோ போயி எழுதிப்போட்டு, ஆத்தங்கரையில எல்லைச் சுவர் கட்டப் போறம், திங்கக்கெழமைக்குள்ள வீட்டைக் காலி பண்ணுன்னு ஒத்திலியாவுக்கு நோட்டீசு வாங்கிட்டு வந்துட்டான். அவ அடுப்பங்கரையில உக்காந்து அழுதா. 'அந்தக் கரைக்குப் போயிருவமாட்டி'ன்னு கேட்டேன். 'எதுக்குப் போணும்? எங்க வீடு இதுதான். போறதா இருந்தா அவன் போகட்டும்'னா. அந்தப் பேச்சு எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. சரி, அவனையே அனுப்பிருவோம்னு முடிவு பண்ணேன்."

"எப்படி அனுப்புவ?"

"எல்லை எது? ஆறு. ஆறு எங்க ஓடுதோ அதுதான் எல்லை. நம்ம கையில என்ன இருக்கு? மண்ணு வெட்டுத வேலை!"

"மம்பட்டி ஏது அங்க?"

"அங்க எங்க மம்பட்டி? வடிவு பூந்தொட்டிக்கு வச்சிருந்த குட்டிக் கரண்டிதான். ஞாயித்துக்கெழமை காலையில எல்லாரும் கோயிலுக்குப் போன நேரம் சேலையைச் சொருவிட்டு எறங்கினேன். பூசை முடிஞ்சு மணி அடிக்கதுக்குள்ள நாலு மைலு வெட்டிட்டேன். ஒத்திலியா மண்ணு சுமந்தா. நாப்பது பொம்பளைங்களும் வரிசையா நின்னு தும்முனாவ பாரு, அந்தக் காத்துல தண்ணி திரும்பி, ஹார்லன் வீட்டைச் சுத்திக்கிட்டு ஓடிட்டு."

"சுத்திக்கிட்டுன்னா?"

"அவன் வீடு அந்தக் கரையில, மெக்சிகோவுல! திங்கக்கெழமை காலையில காப்பி டம்ளரோட வெளிய வாரான், எதுக்க ஆறு ஓடுது. வேலைக்குப் போவ பாலத்துக்கு ஓடுனான். அதே பச்சைச் சட்டை மறிச்சு, 'பேப்பர் எங்க?'ன்னான். 'பேப்பர் கம்பெனி மேசையில இருக்கு, நான் அமெரிக்காக்காரன்'னு குதிச்சான். 'எல்லாவனும் அப்படித்தான் சொல்லுதான்'னு திருப்பி அனுப்பிட்டான். அங்க உள்ள போலீசு, 'இங்க எங்க பாஷையில பேசுங்கய்யா'ன்னுட்டான்."

எல்லாரும் சிரிச்சோம். மாடத்திகூட முந்தானையால வாயை மறைச்சுக்கிட்டா.

"மூணு நாளு பட்டினி. நாலாம் நாளு ஒத்திலியாவுக்கு மனசு கேக்கல. சோள ரொட்டியும் பீன்ஸும் தூக்குவாளியில எடுத்துக்கிட்டுப் போயி அவன் வாசல்ல நின்னா. 'மரியா, மரியா'ன்னு ஓடி வந்தான். அவ அசையல. 'மரியான்னு இங்க ஆரும் இல்ல'ன்னா. தலையைச் சொறிஞ்சான். நாப்பது பேரு வேலைபாத்த எடத்துல ஒரு பேருகூடத் தெரியலைன்னு அப்பத்தான் அவனுக்கே உறைச்சுது போல. மெதுவா, 'ஒங்க பேரு என்னம்மா?'ன்னு கேட்டான். சொன்னா. நாக்கு சுளுக்கி, மூணு தடவை தப்பாச் சொல்லி, நாலாந் தடவை 'ஒத்திலியா'ன்னான். அதுக்கப்புறந்தான் தூக்குவாளியைத் தொறந்தா. அழுதுக்கிட்டே தின்னான். நோட்டீசு வாபஸ். சட்டமும் வாபஸ். இப்ப ஹார்லனே தும்மிப் பழகுதான்."

"ரெண்டு நாட்டு சர்க்காரும் சும்மாவா விட்டாவ?"

"விடுவாவளா? ரெண்டு ஹெலிகாப்டர்ல வந்து, ஆத்தைத் திருப்புனது ஆருன்னு கேட்டாவ. நாந்தான்னேன். ஒரே மேசையில உக்கார வச்சு, காப்பி குடுத்து, 'அக்கா, இனிமே திருப்புனா எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுத் திருப்புங்க'ன்னு கையெழுத்து வாங்கிட்டு விட்டுட்டாவ."

மாடத்தி தூக்குவாளியைக் கழுவிக் கவுத்தினா. நிதானமா முப்பிடாதியைப் பாத்தா.

"ரெண்டு நாட்டு ஆத்தை ஒத்தைக் கரண்டியால திருப்பியிருக்க. நல்லது மதினி. நம்ம குளம் ரெண்டு வருசமாக் காஞ்சு கெடக்கு. மேலூர்க்காரன் மடையை அடைச்சு வச்சிருக்கான். இந்தக் கால்வாயில கொஞ்சம் தண்ணியைத் திருப்பி விடேன்."

முப்பிடாதி மம்பட்டியை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு எழுந்தா.

"போடி கிறுக்கி. அமெரிக்காக்காரனும் மெக்சிகோக்காரனும்னா பேசிக்கிடலாம். மேலூர்க்காரன்கிட்ட ஆரு பேசுவா?"