ஒழுகும்போது யார் வீடு?

ஐம்பத்தெட்டு வயசு மனுஷர், மகள் வயசுள்ள ஒருத்தியிடம் சிஷ்யராகச் சேர்ந்தால் ஊர் சிரிக்குமா, சிரிக்காதா, நீங்களே சொல்லுங்கள்?

கோவில்பட்டி சிரித்தது. பால்வண்ணனும் கூடவே சிரித்துக்கொண்டு ராஜகனியின் மாவு மில்லுக்குப் போய் வந்தார். அவர் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ராஜகனி மாவரைத்தே நாலு வாடகை வீடு வாங்கியவள். அந்த வித்தை அவருக்கு வேண்டும்.

அன்றைக்கு அவர் வந்த வேகத்தில் செருப்பு ஒன்று வாசலிலும் ஒன்று தெருவிலுமாகக் கிடந்தது.

"தாயி, வீடு சிக்கிருச்சு! தவசிமுத்து சார் வீடு. பேங்க் லோனே வேண்டாமாம். எட்டு லட்சம் முன்பணம் கொடுத்தாப் போதும். மிச்சத்தைப் பத்து வருஷம் மாசாமாசம் அவர்கிட்டயே கட்டணும். குடியிருக்கிறவங்க தர்ற வாடகையே பாதித் தவணைக்கு ஆகுது."

"பத்திரம்?"

"கடைசித் தவணை கட்டினதும் என் பேருக்கு. நாளைக்கு அக்ரிமென்ட். வாங்கலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தை சொல்லு."

எட்டு லட்சம்தான் ஓய்வுப் பணம் மொத்தமும். அது போனால் வீட்டில் மனைவி சொர்ணம் முகத்தில் முழிக்க முடியாது.

ராஜகனி மில்லை நிறுத்தினாள். கல்லாவுக்குப் பின்னால் கிடந்த தன் நாற்காலியை மாவு தட்டிக் காட்டினாள்.

"உட்காருங்க அண்ணாச்சி. இப்ப நீங்கதான் தவசிமுத்து சார். நான் பால்வண்ணன்."

பால்வண்ணனுக்கு ஒரே குஷி. கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

"சார், தளம் ஒழுகுது."

"உங்க வீடு, நீங்கதான் பார்க்கணும்."

"குடியிருந்தவங்க காலி பண்ணிட்டாங்க. ரெண்டு மாசமா வாடகை இல்லை."

"அதுக்கு நான் என்ன பண்ண? தவணை தேதிக்கு வந்தாகணும்."

"எட்டு வருஷம் ஒழுங்காக் கட்டிட்டேன். இப்ப உடம்புக்கு முடியலை சார். கட்ட வழியில்லை."

"அப்ப என் வீட்டைக் காலி பண்ணிட்டுப் போய்க்கிட்டே இருங்க. கட்டினதெல்லாம் வாடகைக்குச் சரியாப் போச்சு!"

டிக்கெட் எடுக்காதவனை இறக்கிவிடும் அதே குரல். சொல்லி முடித்த பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது. போட்ட கால் தானாக இறங்கியது.

"ஒழுகும்போது என் வீடு. காலி பண்ணச் சொல்லும்போது உங்க வீடா சார்?"

மாவரைக்க வாளியோடு காத்து நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சரி தாயி, வேண்டாங்கிற."

"நான் எங்கே சொன்னேன்? எந்திரிக்காதீங்க. இன்னும் நீங்க தவசிமுத்து சார்தான். பத்திரத்தை முன்னாடியே எழுதிக் கொடுக்க உங்களுக்கு என்ன பயம்?"

யோசித்தார். "பத்திரத்தையும் வாங்கிக்கிட்டு, பணமும் கட்டாம இந்த ஆளு உட்கார்ந்துக்கிட்டா?"

"பத்திரத்தை இப்பவே என் பேருக்கு முடிச்சுக் கொடுங்க. அன்னைக்கே, அதே ரிஜிஸ்டர் ஆபீஸ்ல, பாக்கிக்கு வீட்டை உங்ககிட்ட அடமானமாப் பதிஞ்சு தர்றேன். நான் கட்டலைன்னா கோர்ட்டு மூலமா வீட்டை வித்து, உங்க பாக்கியை எடுத்துக்கிட்டு மிச்சத்தை எனக்குக் கொடுங்க. பயம் போகுமா?"

பால்வண்ணன் நாற்காலியில் முன்னும் பின்னும் ஆடிப் பார்த்தார்.

"போகும்தான். வீடு எங்கே ஓடிறப் போகுது? சம்மதம்யா!" கல்லாவில் ஓங்கித் தட்டினார். மாவு பறந்து அவர் புருவத்தில் உட்கார்ந்தது.

பிறகு குரல் தணிந்து கேட்டார். "நெசத் தவசிமுத்து சார் சம்மதிப்பாரா தாயி?"

ராஜகனி மில் சுவிட்சில் கை வைத்தாள்.

"உங்களுக்குச் சம்மதிக்க ஒரு நிமிஷம் ஆச்சு. அவருக்கு ஒரு நாள் கொடுங்க. அப்பவும் மாட்டேன்னாருன்னா, ஏன்னு கேட்டுட்டு வந்து எனக்கும் சொல்லுங்க அண்ணாச்சி."