எந்தக் குழாய் வாங்கலாம்

ரெஜினா டீச்சரிடம் கேள்வி கேட்டால் பதில் வராது, வேலைதான் வரும். பேச்சிமுத்துவுக்கு இது தெரியும். தெரிந்திருந்தும் அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் போய்க் கேட்டார்.

கேட்டவருக்கு வயது ஐம்பத்தொன்பது. டீச்சருக்கு முப்பத்தெட்டு. பள்ளிக்கூடத்தில் டிரில் நடத்துவதும், பழைய கல்குவாரிக்குள் இருக்கும் ரைபிள் கிளப்பில் குறிபார்க்கச் சொல்லிக்கொடுப்பதும் டீச்சர் வேலை. "சிஷ்யப்பிள்ளைக்குப் பல்லு முளைச்சிருச்சா, விழுந்திருச்சா?" என்று ஊரில் கேட்பார்கள். பேச்சிமுத்து காதில் போட்டுக்கொள்வதில்லை.

அது ஏலமலை. ஆடியில் காயப்போட்ட வேட்டியைத் தையில்தான் எடுத்துக் கட்டலாம். அதற்குள் மடிப்பில் காளான் முளைத்திருக்கும். அந்தக் காளானைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறவர்களும் உண்டு. அங்கே உள்ள காட்டுப்பன்றியோ அதற்கும் மேலே. மரவள்ளியைத் தோண்டிக் கிழங்கைத் தின்றுவிட்டுத் தண்டைப் பழையபடி நட்டு வைத்துவிட்டுப் போகும். அறுவடைக்குப் பிடுங்கும்போதுதான் அடியில் ஒன்றும் இல்லை என்று தெரியும். அப்படி மூன்று போகம் போன பிறகுதான் பேச்சிமுத்து லைசென்ஸ் எடுத்தார், துப்பாக்கி வாங்கினார், டீச்சரிடம் வந்து சேர்ந்தார். பன்றி சுடப் பஞ்சாயத்து அனுமதித்த நாலு பேரில் இப்போது அவரும் ஒருவர். மறுநாள் ஞாயிறு, பொழுது மசங்கும் நேரத்தில் அவர் முறை.

பையிலிருந்து மூன்று பெட்டிகளை எடுத்துக் கிளப் குடிசையின் மேஜைமேல் வைத்தார்.

"டவுன் கடையில குடுத்து விட்டாங்க டீச்சர். ஒண்ணை வச்சுக்கிட்டு ரெண்டைத் திருப்பிக் குடுக்கணும். மூணும் சின்ன ஸ்கோப்பு. நீளம் ஒரு சாண், மிஞ்சிப்போனா ரெண்டு விரக்கடை கூட. இந்தக் குழாய் நாலு மடங்கு பெருக்கிக் காட்டும். இது ஆறு மடங்கு. இது மூணு மடங்குலயே நிக்கும், திருகுற வேலை கிடையாது. மூணுலயும் நடுவுல சிவப்புப் பொட்டு எரியும், குண்டுமணி மாதிரி. எது வாங்கலாம்?"

"எதுக்கு அண்ணாச்சி?"

"ஞாயித்துக்கிழமை காலையில குறிக்காகிதத்துக்கு. மசங்கல்ல பன்னிக்கு. ரெண்டுக்கும் சேத்து ஒண்ணு."

"துப்பாக்கி மேல இருக்கிற பழைய குழாய்க்கு என்ன வந்துச்சு?"

"மசங்கல்ல சரியாத் தெரியல."

"என்ன தெரியல?"

பேச்சிமுத்து கழுத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். துடைக்கிற அளவுக்கு அங்கே வெக்கை இல்லை.

"பன்னிதான். வேற என்ன?"

டீச்சர் சுவரில் மாட்டியிருந்த குறிக்காகிதங்களைப் பார்த்தார்.

"மூணு வாரமா உங்க காகிதத்தைப் பாத்தீங்களா? முன்னெல்லாம் பத்து குண்டும் ஒரு ரூபா அகலத்துக்குள்ள விழும். இப்ப அம்மி அகலத்துக்குப் பரவிக் கெடக்கு."

"காத்து டீச்சர்."

"கல்குவாரிக்குள்ள காத்து!"

டீச்சர் வாசல் பக்கம் திரும்பினார். மேற்கே மலை விளிம்பில் வெளிச்சம் சாம்பலாகிக்கொண்டிருந்தது.

"மணி என்ன?"

"ஆறேகால்."

"சரியான நேரம். ஓடைக்கு அந்தப் பக்கம் ஏலச்செடி நிக்குதுல்ல, நம்ம கிளப்போட காடு? இங்கேர்ந்து நூறு மீட்டர். உள்ள போய்க் குத்தவச்சு உட்காருங்க. முதுகு மட்டும் தெரியணும், பன்னி மாதிரி. நான் ஒவ்வொரு குழாயாப் பாத்து எதுல நல்லாத் தெரியுதுன்னு சொல்றேன்."

பேச்சிமுத்து தான் கொண்டுவந்த துப்பாக்கியைப் பார்த்தார். அது மேஜையின் ஓரத்தில் படுத்திருந்தது.

"குழாயைக் கையில பிடிச்சுப் பாப்பீங்களா?"

"ஸ்கோப்பைக் கையில பிடிச்சு யாராவது பாப்பாங்களா? நீங்க எப்படிப் பாப்பீங்களோ அப்படித்தான்."

"வெறும் துப்பாக்கிதானே, டீச்சர்?"

"வெறும் துப்பாக்கின்னு ஒண்ணு இல்லைன்னு முத நாளே சொல்லிக்குடுத்தேனே, மறந்துட்டீங்களா? போங்க. நான் விசில் அடிக்கிற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

வேலை வந்துவிட்டது. மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சொன்னால் டீச்சர் ஏன் என்று கேட்பார். அந்தக் கேள்வியைவிட ஏலக்காட்டில் உட்காருவதே மேல் என்று தோன்றியது. ஓடையைத் தாண்டினார்.

ஏலச்செடிக்குள் அவருக்கு முன்னாலேயே இருட்டு வந்து உட்கார்ந்திருந்தது. தலைக்கு மேலே இலை, காலடியில் ஈரம். குடிசைக்கு முதுகைக் காட்டிக் குத்தவைத்தார். முதுகைக் காட்டிய பிறகுதான், அங்கே என்ன நடக்கிறது என்று இனி தெரியாது என்பது உறைத்தது. கழுத்தைத் தோளுக்கு மேலாக மெல்லத் திருப்பினார். குடிசை வாசல் கறுப்பாகத் தெரிந்தது. டீச்சர் தெரியவில்லை.

அந்த மலை அட்டைக்கு மோப்பம் ஜாஸ்தி. ஆளைப் பார்க்காமலே இது இன்னார் வீட்டு ரத்தம் என்று சொல்லும் என்பார்கள். ஒன்று கணுக்காலில் ஏறியது. தட்டிவிடக் கையை எடுத்தவர், பாதியிலேயே நிறுத்தினார். செடி அசையும். அசைந்தால் அங்கிருந்து பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அட்டை குடித்துக்கொண்டிருந்தது. குடிக்கட்டும் என்று விட்டார்.

அப்போது 'டக்' என்று ஒரு சத்தம். இரும்போடு இரும்பு சேருகிற சத்தம். பாறை அதை வாங்கி இன்னொரு முறை சொன்னது.

துப்பாக்கியின் போல்ட்டை முன்னால் தள்ளி மடக்கினால் இந்தச் சத்தம்தான் வரும். மூன்று வருஷமாகத் தன் கையாலேயே கேட்டு வருகிற சத்தம்.

வெறும் துப்பாக்கிதான். தோட்டா எல்லாம் பையில்தான் இருக்கிறது. எண்ணி வைத்தோமா? போன ஞாயிற்றுக்கிழமை கடைசித் தோட்டாவைச் சுட்டோமா, உள்ளேயே விட்டோமா? இன்றைக்கு வந்ததும் டீச்சர் திறந்து பார்த்தாரா? பார்த்த மாதிரி ஞாபகம் இல்லை. தான் பார்த்த மாதிரியும் இல்லை.

வாசலின் கறுப்புக்குள் சிவப்பாக ஒரு பொட்டு எரிந்தது. குண்டுமணி அளவு. அசையாமல், இமைக்காமல் நேரே இவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

முதுகில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சில்லென்றது. வேறெங்கும் இல்லை, அந்த ஒரு ரூபாய் அகலத்துக்கு மட்டும். அந்த இடத்தை எறும்பு ஊர்வதுபோலத் துல்லியமாக உணர்ந்தார். டீச்சர் குறி தவறாத ஆள். அதுதான் இப்போது பெரிய பயமாக இருந்தது.

எழுந்திருக்கலாம். எழுந்தால் செடி அசையும். அசைந்தால்?

மூன்று வாரத்துக்கு முன் இதே மசங்கல். அவருடைய மரவள்ளித் தோட்டத்து விளிம்பில் கறுப்பாக ஒரு முதுகு குனிந்து கிளறிக்கொண்டிருந்தது. செடி அசைந்தது. என்னவென்று பார்க்கத்தான் துப்பாக்கியைத் தூக்கினார். சத்தியமாக, பார்க்கத்தான். குழாயில் கண்ணை வைத்தார். குழாயின் குறுக்குக் கம்பி நடுமுதுகில் நின்றது. துப்பாக்கியின் காப்புப் பூட்டை எப்போது தள்ளினார் என்று தெரியவில்லை. விரல் விசையைத் தொட்டிருந்தது. முதுகு திரும்பியது. மூக்குத்தி மின்னியது.

அடுத்த வீட்டுச் சீனியம்மா. மடி நிறைய மணத்தக்காளிக் கீரை. அவள் பாட்டுக்குச் சேலையை உதறிக்கொண்டு போனாள். மறுநாள் காலையில் அந்தக் கீரையில் பாதியைக் கொண்டுவந்து, "உங்க காட்டுக் கீரைதான் கொழுந்தனாரே, கோவிச்சுக்காதீங்க" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தாள். இவர் மனைவி கடைந்து வைத்தாள். உப்புக் கூடிப்போச்சு என்று சொல்லிவிட்டுத் தட்டிலேயே கையைக் கழுவினார்.

அன்றைக்குச் சீனியம்மா முதுகில் இப்படிச் சில்லென்று இருந்திருக்காது. அவளுக்குத் தெரியாது. கீரை பறித்துக்கொண்டிருந்தாள்.

சிவப்புப் பொட்டு இன்னும் எரிந்தது. விசில் வரவில்லை. எங்கோ ஒரு குக்குறுவான் பறவை கத்தி ஓய்ந்தது. அதற்குப் பிறகு அவர் மூச்சு மட்டும்தான் கேட்டது. அதுவும் பன்றி மூச்சு மாதிரியே இருந்தது.

இதற்குமேல் அவரால் முடியவில்லை.

"மனுசன்!" என்று கத்திக்கொண்டு எழுந்து குடிசைப் பக்கம் திரும்பினார். இரண்டு கையும் தலைக்கு மேலே போயின. "டீச்சர்! மனுசன்! நான் மனுசன்!"

மனுசன், மனுசன் என்றது பாறை.

ஓடையில் செருப்பு ஒன்றை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்து ஃப்ளாஸ்க்கிலிருந்து பால் விடாத கட்டன்சாயா ஊற்றிக்கொண்டிருந்தார்.

"உட்காருங்க அண்ணாச்சி. கால்ல அட்டை தொங்குது. இந்தாங்க உப்பு."

பேச்சிமுத்து உட்காரவில்லை. மேஜையைப் பார்த்தார். மூன்று பெட்டிகளும் வைத்த இடத்தில் இருந்தன, சீல்கூடப் பிரிக்காமல். ஓரத்தில் துப்பாக்கி இல்லை.

"துப்பாக்கி எங்க?"

"இரும்பு பீரோவுல. நீங்க ஏலக்காட்டுக்குள்ள உட்கார்றதுக்கும் நான் பூட்டுறதுக்கும் சரியா இருந்துச்சு."

"டக்குனு ஒரு சத்தம் கேட்டதே?"

"அந்தப் பூட்டுதான்."

"சிவப்பா ஒரு பொட்டு..."

டீச்சர் மூலையைக் காட்டினார். எமர்ஜென்ஸி விளக்கு சார்ஜில் கிடந்தது. அதன் நெற்றியில் சிவப்பாக ஒன்று எரிந்தது.

பேச்சிமுத்து இப்போது உட்கார்ந்தார். உப்பைக் கையில் வாங்கினார். பாதி உப்பு அட்டைமேல் விழுந்தது, பாதி தரையில் போயிற்று.

"அப்ப என்னை எதுலதான் பாத்தீங்க?"

டீச்சர் மடியிலிருந்த பைனாகுலரைத் தூக்கிக் காட்டினார். ரப்பர் தேய்ந்த பழசு. காகிதத்தில் எத்தனை ஓட்டை விழுந்தது என்று எண்ணுவதற்காகக் கழுத்தில் போட்டுக்கொண்டே அலைவார். 'துப்பாக்கியிலயே குழாய் இருக்கும்போது இது எதுக்கு டீச்சர், தாலிக்கு மேல தாலி?' என்று கேலி செய்திருக்கிறார் பேச்சிமுத்து.

"இதுல நான் நல்லாத் தெரிஞ்சேனா?"

"சட்டையில ஒரு பொத்தான் இல்ல. நீங்க கையத் தூக்குறப்போ தெரிஞ்சுது. மேலேர்ந்து ரெண்டாவது."

தடவிப் பார்த்தார். இல்லைதான்.

"அதுக்கு முன்னால? பன்னி மாதிரி இருந்தேனா?"

"இருந்தீங்க."

சாயா ஆறிக்கொண்டிருந்தது. டீச்சர் எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் பேச்சிமுத்து ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லி வீட்டுக்குப் போயிருப்பார். கேட்காததால் எல்லாவற்றையும் சொன்னார். மரவள்ளி விளிம்பையும் கம்பி நின்ற இடத்தையும் மூக்குத்தியையும் சொன்னார். கீரையைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குனிந்து அட்டை கடித்த இடத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அவகிட்ட சொல்லிட்டீங்களா?"

"எப்படி டீச்சர் சொல்லுவேன்? இன்னைக்குக் காலையிலகூட நாளைக்குப் பன்னி விழுந்தா எனக்கொரு தொடைன்னு கேட்டுட்டுப் போறா."

டீச்சர் தன் கழுத்திலிருந்து பைனாகுலரைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். வாரைச் சரிசெய்தார். மூன்று பெட்டிகளையும் பையில் வைத்து அவர் பக்கம் நகர்த்தினார். பீரோச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார்.

பேச்சிமுத்து சாவியைப் பார்த்தார்.

"நாளைக்கு என் முறை."

"தெரியும்."

"துப்பாக்கி?"

"நாளைக்கு மத்தியானம் வந்து வாங்கிக்கலாம். இன்னைக்கு ஒரு வேலை இருக்கு உங்களுக்கு."

அவர் பையைத் தூக்கினார். வாசல்வரை போனவர் திரும்பினார். என்ன வேலை என்று கேட்கப் பயந்து, வந்த கேள்வியையே கேட்டார்.

"கடைசி வரைக்கும் சொல்லலியே டீச்சர். இந்த மூணுல நான் எந்தக் குழாயை வாங்க?"

டீச்சர் ஃப்ளாஸ்க்கை மூடினார்.

"மூணையும் கொண்டுபோய்ச் சீனியம்மாவுக்கு முன்னால வையுங்க. எதுக்குப் புதுக் குழாய் வேணும்னு சொல்லுங்க. அவ எதைக் கையில எடுத்துக் குடுக்கிறாளோ அதை வாங்குங்க."

ஒரு காலில் மட்டும் செருப்போடு பேச்சிமுத்து அந்த வாசலிலேயே நின்றார்.