பேனரில் இல்லாத முகம்

சத்தியம், சத்தியம், முக்காலும் சத்தியம். இதில் ஒரு சொல் பொய் என்றாலும் இந்த வாயில் மிச்சமிருக்கிற இரண்டு பல்லும் இன்றைக்கே கொட்டிப்போகட்டும்.

கொங்குச் சீமையில் ஓர் ஊர். பஸ் ஸ்டாண்டு சின்னது, தனியார் பள்ளிக்கூடங்கள் பெரியவை. ஆற்றோரம் ஒன்று, பைபாஸ் ரோட்டில் ஒன்று, மலையடியில் ஒன்று. பேரைச் சொன்னால் வம்பு, இடத்தோடு நிறுத்திக்கொள்வோம்.

தங்கள் பிள்ளைகளுக்குக் காலேஜில் இடம் கிடைத்ததும் பள்ளிகள் பேனர் கட்டும். பைபாஸ் பள்ளி கட்டிய பேனர் எவ்வளவு பெரியதென்றால், அதன் பின்னால் குடியிருந்தவர்கள் விடிந்தது தெரியாமல் ஒரு வாரம் தூங்கினார்கள். சேவல் குழம்பிப்போய் மத்தியானம் கூவியது. பேனரில் நூற்றுக்கணக்கான முகங்கள். எல்லா முகத்துக்கும் கீழே ஒரே வெள்ளைக் கோட்டு, ஒரே ஸ்டெதஸ்கோப்.

அந்த ஊரில் அர்த்தநாரி என்று ஒருவர். போர்வெல் லாரி வைத்திருந்தார். மகள் தாரணி பத்தாவது முடித்திருந்தாள். மார்க்கு சுமார். அவளைப் பதினொன்றாம் வகுப்புக்கு எங்கே சேர்ப்பது என்று மே மாதம் முழுக்க விசாரித்து, மனுஷன் பாதியாகிவிட்டார். பூமிக்குள் எங்கே தண்ணீர் இருக்கிறதென்று சொல்லிவிடுவார். எந்தப் பள்ளியில் படிப்பு இருக்கிறதென்று மட்டும் பிடிபடவில்லை.

தாரணி ஒருநாள் கேட்டாள். "நான் படிக்கறம்ப்பா. ஆனா என் மூஞ்சி பேனர்ல வரலைன்னா, நீங்க அந்த ரோட்டுப் பக்கமே போகமாட்டீங்களா?"

இப்போது தப்பாகச் சேர்த்தால் இரண்டு வருஷம் கழித்து இவள் முகம் எப்படியிருக்கும் என்ற கவலையே அவரைத் தின்றது.

சாயங்காலமானால் பெற்றவர்கள் கூடும் இடம் பஸ் ஸ்டாண்டு பேக்கரி. அன்றும் அதே பேச்சு.

"எங்க ஆத்தோரப் பள்ளியில பரீட்ச எழுதுனவங்க ஒருத்தர் விடாம காலேஜ் போயாச்சு மாப்ளே," என்றார் சென்னியப்பன், அர்த்தநாரியிடம். அவர் மகன் மிதுன் பிளஸ் டூ. "அதுவுமில்லாம பள்ளிக்கூடம் முழுக்க டைல்ஸு. பையன் கால்ல ஒரு பொட்டு மண்ணு படாது."

"எழுதாதவங்க என்ன ஆனாங்கண்ணா?" என்றார் வளர்மதி. அவர் பெண் மலையடிப் பள்ளியில் படித்தாள்.

சென்னியப்பன் டீயை ஊதினார். டீ ஏற்கெனவே ஆறியிருந்தது.

"எழுதறது எழுதாதது எல்லாம் எதுக்கு?" என்று புகுந்தார் நல்லசிவம். "எங்க பைபாஸ் பள்ளி பேனர்ல மூஞ்சிய எண்ணிப் பாருங்க. வருஷத்துக்கு வருஷம் கூடுது. உங்க மலையடியில ஒரு பேனராச்சும் உண்டாங்க்கா?"

"இல்லீங்க. பாதிப் பேருக்குக் கெடச்சுது, பாதிப் பேருக்குக் கெடைக்கலன்னு பெரிய வாத்தியார் மீட்டிங்ல சொல்லிட்டாரு."

"கெடைக்காததைப் போயி மைக்குல சொல்லுவாங்களா?" பேக்கரியே சிரித்தது.

வளர்மதியும் சோர்வாகச் சிரித்தார். "என்னமோ போங்க. பிளஸ் டூ ஆரம்பிச்சா எங்கிருந்துதான் வருதோ, புதுப்புதுப் பிள்ளைங்களா வந்து சேருது. கிரவுண்டு பூரா செம்மண்ணு. துவைச்சுத் துவைச்சே என் கை தேஞ்சு போச்சு."

அர்த்தநாரி அலுத்துப்போய் அண்ணாந்தார். பேக்கரிக் கூரை ஒழுகுமென்று போன வருஷத்துப் பைபாஸ் பேனரைத்தான் மேலே கட்டியிருந்தார்கள். அதில், மோவாயில் மச்சம் வைத்த பையன் ஒருவன் வெள்ளைக் கோட்டோடு சிரித்தான். ரோட்டுக்கு எதிரே இந்த வருஷத்துப் புதுப் பேனர். அதிலும் அந்த மச்சம், அதே சிரிப்பு.

அந்நேரம் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து மிதுன் வந்தான். லீவு என்பதால் கலர்ச் சட்டைதான். பேச்சை நிறுத்திவிட்டு எழுந்த சென்னியப்பன், மகனைத் தூணுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய், குனிந்து தன் கர்ச்சீப்பால் அவன் ஷூவைத் துடைத்தார். துடைத்த கர்ச்சீப்பு சிவந்துபோனது அர்த்தநாரி இருந்த இடத்துக்கே தெரிந்தது. அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "பரீட்ச எழுதுனவங்க ஒருத்தர் விடாம, மாப்ளே," என்று மறுபடி சொல்லிவிட்டுப் போனார்.

அர்த்தநாரி அன்றே முடிவு செய்துவிட்டார். பல நாளைக்குப் பிறகு சோறு ருசித்தது.

கேட்டவர்களே, எல்லாவற்றையும் உங்கள் முன்னால் வைத்தாகிவிட்டது. அர்த்தநாரி மகளை எந்தப் பள்ளியில் சேர்த்தார்? ஏன்?

விடை: மலையடிப் பள்ளியில். பைபாஸ் பள்ளியின் முகங்கள் கூடுவது எப்படியென்று கூரையில் சிரித்த மச்சக்காரன் சொல்லிவிட்டான். பழைய முகங்களை அது இறக்குவதே இல்லை. ஆற்றோரப் பள்ளியில் டைல்ஸ் தரை. மிதுன் காலில் மட்டும் செம்மண் எப்படி வந்தது? தேறமாட்டான் என்று தோன்றுகிறவனைப் பரீட்சைக்கு முன்பே வெளியே அனுப்பிவிட்டால், எழுதியவர்கள் எல்லோரும் தேறத்தானே செய்வார்கள்? அப்படி அனுப்பப்பட்டவர்களையும் மலையடிப் பள்ளி சேர்த்துக்கொள்கிறது. சேர்த்தும் பாதிப் பேரைக் கரையேற்றுகிறது. தாரணியின் சுமார் மார்க்குக்கு அவளை வெளியே தள்ளாத இடம் அது ஒன்றுதான்.

பள்ளி திறந்த அன்று, பேக்கரிக்கு அடுத்த சந்தில் மலையடிப் பள்ளி வேன் நின்றது. தாரணியோடு அர்த்தநாரி போனார். அங்கே மிதுனின் பையைப் பிடித்தபடி சென்னியப்பன்.

"யாருகிட்டயும் சொல்லிராதீங்க மாப்ளே."

"எதைங்க மச்சான்?" என்றார் அர்த்தநாரி.

சாயங்காலம் பேக்கரியில் ஆற்றோரப் பள்ளியின் பெருமை மறுபடி ஆரம்பித்தது. "ஆமாங்க மச்சான்," என்று சொல்லி அர்த்தநாரி டீயைக் குடித்தார்.

இதை நீங்களும் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். மீறி வாய் தவறிவிட்டால், யார் சொன்னது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சென்னியப்பனுக்குப் பக்கத்துப் பெஞ்சில்தான் எனக்குத் தினமும் டீ.