மூச்சுக் காட்டாத த்ரெட்

"என் த்ரெட்டுக்கு எப்ப மேடம் ஓகே சொல்லுவீங்க?" என்று கேட்டார் தில்லைக்கண்ணு.

மதுரையில் ஆம்புலன்ஸ் அழைப்புகளைப் பிரித்து அனுப்பும் மென்பொருள் அவர் எழுதியது. எந்தப் பகுதிக்கு எந்த டிரைவர், அவர் போன் நம்பர் என்ன, எல்லாம் ஒரு கோப்பில் இருக்கும். ஒரு நம்பர் மாறினாலும் மென்பொருளை நிறுத்தித்தான் மறுபடி ஓட்ட வேண்டும். அந்த இடைவெளியில் யாருக்காவது நெஞ்சு வலித்தால் அவ்வளவுதான்.

அதற்காகத்தான் த்ரெட் என்கிற இந்தக் குட்டி நிரல். மென்பொருளுக்குப் பின்னால் தனியாக ஓடி, கோப்பையே பார்த்துக்கொண்டிருக்கும். மாறியதும் புது நம்பரைக் கொண்டுவந்து கொடுக்கும்.

ஜெபக்கனி தில்லைக்கண்ணுவுக்குக் குரு. வயதில் சின்னவர்தான். ஆனால் அவர் தலையாட்டாமல் அந்த ஆபீசிலிருந்து ஒரு வரிகூட வெளியே போகாது.

"டெஸ்ட்ல எப்படி ஓடுது சார்?"

"ஒரு வாரமா ஒரு எரர் கிடையாது மேடம். மூச்சுக் காட்டாம வேலை பாக்குது."

"உயிரோட இருக்கா?"

"என்ன மேடம், இப்படிக் கேட்டுட்டீங்க!"

"ஏதாவது ஒரு டிரைவர் நம்பரை மாத்துங்க."

மாற்றினார். திரையில் பழைய நம்பரே இருந்தது.

மறுபடி சேமித்தார். பழைய நம்பரே.

தோண்டிப் பார்த்ததில் தெரிந்தது. போன வாரம் யாரோ அந்தக் கோப்பில் ஒரு கமாவை விட்டுவிட்டார்கள். அதைப் படிக்க முடியாமல் த்ரெட் அன்றைக்கே செத்துப்போயிருக்கிறது. கமாவை அப்புறம் போட்டுவிட்டார்கள். செத்தது எழுந்திருக்கவில்லை. மென்பொருளோ எதுவுமே நடக்காத மாதிரி ஜோராக ஓடிக்கொண்டிருந்தது.

ஜெபக்கனி லேப்டாப்பை மூடி அவர் கையில் கொடுத்தார்.

இத்தனை வருஷ சர்வீஸுக்கு அப்புறம் இந்த அவமானம். தில்லைக்கண்ணுவுக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த வாரம் அவராகவே வந்து நின்றார்.

"மேடம், இப்ப ஏதாவது ஆச்சுன்னா ஊரையே கூட்டிருது!"

பெற்ற பிள்ளையைப் பற்றிக்கூட அவர் அவ்வளவு பெருமையாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

ஜெபக்கனி கோப்பைத் திறந்து ஒரு கமாவை எடுத்தார்.

தில்லைக்கண்ணுவின் போன் அலறியது. திரையில் சிவப்பு எழுத்து: கோப்பில் தவறு. பழைய நம்பர்களே தொடர்கின்றன.

ஜெபக்கனி கமாவைப் போட்டு, ஒரு நம்பரை மாற்றினார். புது நம்பர் வந்து உட்கார்ந்தது.

பிறகு, கொஞ்சமும் இரக்கமில்லாமல், த்ரெட்டையே கொன்றார்.

"ஐயோ மேடம், அதை ஏன்..."

அவர் சொல்லி முடிப்பதற்குள் போன் மறுபடி அலறியது. மென்பொருள் வேறொரு த்ரெட்டை எழுப்பி நிறுத்தியிருந்தது.

தில்லைக்கண்ணு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். ஜெபக்கனி அவரைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா ஊமச்சிகுளத்துல தனியா இருக்காங்க சார். போன வருஷம்தான் ஹார்ட் ஆபரேஷன் ஆச்சு."

"தெரியும் மேடம்."

"இன்னைக்கே லைவ்ல போட்டுருங்க."