படலில் சாய்ந்த நாய்

அந்தக் காலத்தில் வீட்டுக்குப் படல் உண்டு, தாழ்ப்பாள் கிடையாது. நாய்க்குப் பேச்சு உண்டு, வீடு கிடையாது.

மலையடிவாரத்து ஓடைக்கரையில் ஒச்சாயியும் அவள் புருஷன் மொக்கையனும் குடிசை போட்டிருந்தார்கள். ஏழு மாதக் கைக்குழந்தை ஒன்று. வாசலுக்கு மூங்கில் பிளாச்சில் கட்டிய படல். காற்று கொஞ்சம் பலமாக இருமினாலே திறந்துகொள்ளும். சிறுத்தை நடமாட்டம் கூடிவிட்டதால், காவலுக்கு ஆள் வேண்டும் என்று மொக்கையன் காட்டுக்குள் சொல்லிவைத்தான்.

முதலில் மயில் வந்தது. "ஆபத்து வந்தா காடே கேக்குற மாதிரி கத்துவேன்" என்றது.

"கத்திட்டு?" என்று கேட்டாள் ஒச்சாயி.

"கத்திட்டு மரத்துல ஏறிக்குவேன்."

அடுத்தது செந்நாய். பல்லைக் காட்டச் சொன்னார்கள், காட்டியது. நல்ல பல்தான். ஆனால் பேசும்போதெல்லாம் அதன் கண் தொட்டிலையே மேய்ந்தது. ஒச்சாயி கஞ்சித்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

மூன்றாவதாக வந்ததுதான் மலைநாய். கன்றுக்குட்டி உயரம், உரல் போலத் தலை, முறம் போலப் பாதம். பல்லைக் காட்டவில்லை. ஒச்சாயி பக்கத்தில் போய் நின்று, ஒரு பெருமூச்சு விட்டு, உடம்பு மொத்தத்தையும் அவள் காலில் சாய்த்தது. இடுப்புக் குடத்தோடு அவள் வாசலில் விழுந்தாள்.

"காவலுக்கு வந்தியா, கொஞ்ச வந்தியா?"

"ரெண்டும் வேற வேறயா தாயி?" நாய் நிஜமாகவே கேட்டது.

மொக்கையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "இவனையே வெச்சுக்குவோம் புள்ள. ஆளைப் பார்த்தாலே பயம் வருது."

"எனக்கு வரலையே! எல்லார் மேலயும் ஈஷிக்கிட்டு நிக்கிறது எப்படிங்க காவல் காக்கும்? மூணு நாள் பார்ப்பேன். சரிப்படலைன்னா காட்டுக்கே அனுப்பிருவேன்."

மூன்று நாளும் நாய் சாய்ந்தது. மாவு அரைக்கும்போது முதுகில், அடுப்பு ஊதும்போது தோளில். குழந்தை அதன் காதை இழுத்தது, மூக்குக்குள் விரல் விட்டது. நாய் கண்ணை மூடிக்கொண்டு சுகமாகக் கிடந்தது. அப்போது மட்டும் ஒச்சாயி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சிரித்துவிட்டால் நாய்க்கு இளக்காரமாகிவிடுமே.

மூன்றாம் நாள் மொக்கையன் ஆடுகளோடு மேட்டுக்குப் போயிருந்தான். அடுப்புக்கு விறகில்லை. ஓடையில் கணுக்கால் தண்ணீர்தான். அக்கரையில் சுள்ளி கிடந்தது. குழந்தை நல்ல தூக்கத்தில். போன சுருக்கில் வந்துவிடலாம் என்று கிளம்பியவளின் காலில் நாய் மறுபடி சாய்ந்தது. எரிச்சலில் சொன்னாள்:

"சாயாம இருக்க முடியாதுன்னா அந்தப் படல்ல போய்ச் சாய். நான் வந்து எழுப்புற வரைக்கும் அங்கேயே கிட."

மலையில் எங்கோ பெய்த மழை ஓடையில் வந்து இறங்கியது. ஒரு கட்டுச் சுள்ளி சேர்வதற்குள் செம்மண் வெள்ளம் ஆள் உயரம் ஓடியது. கரைக்கு ஓடிவந்த ஒச்சாயி, எதிரே தன் வாசலில் சிறுத்தை நிற்பதைக் கண்டாள். குரல் எட்டும், கால் எட்டாது. கையிலிருந்ததை எல்லாம் எறிந்து கத்தினாள். சிறுத்தை வெள்ளத்தைப் பார்த்தது, அவளைப் பார்த்தது, சாவகாசமாகத் திரும்பிப் படலில் முட்டியது.

படல் உள்ளே வளைந்தது. பிறகு மெதுவாக நிமிர்ந்தது.

"யாருடா உள்ளே?" என்று உறுமியது சிறுத்தை.

"நான்தான் அண்ணே. சாஞ்சிருக்கேன்."

"ஆம்பளையா இருந்தா வெளியே வந்து மோதுடா தடியா!"

"வந்து மோதினா ஜெயிச்சாலும் ஜெயிப்பேன். ஆனா அண்ணி அந்தப் புதருக்குள்ள நிக்கிற வாடை அடிக்குதே. நான் வெளிய வந்தா அவங்க உள்ள போயிருவாங்க."

சிறுத்தைக்கு ரோஷம் வந்துவிட்டது. பிளாச்சு இடுக்கில் நகத்தை விட்டு இழுத்தது. உள்ளே ஒரு முனகல். படல் அசையவில்லை. மறுபடி இழுத்தது. அக்கரையில் ஒச்சாயி ஒவ்வொரு இழுப்பையும் தன் முதுகில் வாங்கினாள். குழந்தை விழித்து வீரிட்டது. சற்றுப் பொறுத்து, நாயின் வால் கைக்குக் கிடைத்திருக்க வேண்டும், குழந்தை சிரித்தது.

அந்தச் சிரிப்பைக் கேட்டதும் சிறுத்தைக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. "பாறையை முட்டி எவனுக்கு வயிறு நெறஞ்சுது?" என்று முணுமுணுத்துக்கொண்டு, ஜோடியைக் கூட்டிக்கொண்டு மலையேறியது.

வெள்ளம் இடுப்பளவுக்கு வடிந்ததுமே ஒச்சாயி இறங்கிக் கடந்தாள். படலைத் தள்ளினாள். திறக்கவில்லை. தன் வீட்டுக்குள் தானே போக முடியாமல் நின்றாள்.

"நான்தான் வந்திருக்கேன்!"

"வாடை தெரியுது தாயி. எழுப்புற வரைக்கும் கிடன்னு சொன்னீங்களே."

"எந்திரிடா... எந்திரி என் சாமி."

படல் திறந்தது. நாயின் முதுகு உழுத வயல் மாதிரிக் கிழிந்திருந்தது. படலை ஒட்டிய தொட்டிலில் குழந்தை, தான் சப்பி ஈரமாக்கிய வாலைப் பிடித்தபடி இருந்தது. நாயால் நிற்க முடியவில்லை. சாய இடம் தேடியது. அவளைப் பார்த்தது. அவளுக்குப் பிடிக்காதே என்ற நினைப்பில் ஒரு எட்டுத் தள்ளியே நின்று தள்ளாடியது.

ஒச்சாயி அந்த ஒரு எட்டைத் தானே எடுத்து வைத்தாள். காலை அகட்டி ஊன்றிக்கொண்டாள்.

"என் மேலயே சாய்டா. இனி எப்பவும்."

சாய்ந்தது. இந்த முறை அவள் விழவில்லை.

அன்று தொட்டு வந்த பழக்கம்தான்: இன்றும் பெரிய காவல் நாய்கள் பிரியமானவர் பக்கத்தில் வந்து நின்று, ஒரு பெருமூச்சு விட்டு, உடம்பு மொத்தத்தையும் காலில் சாய்க்கின்றன. தள்ளிவிடாதீர்கள், கொஞ்சம் ஊன்றி நில்லுங்கள். உங்களுக்காக அது ஏதோ ஒரு படலை அடைத்துக்கொண்டிருக்கிறது.