கூழைக்கடாக்களின் கோரைத் தொப்பி

ஏரிக்கரையில் ஒரு பெரிய கடம்ப மரம் நின்றது. அதில் கூழைக்கடாப் பறவைகள் வாழ்ந்தன. குடும்பத்துக்கு ஒரு கிளை. மழைக்காலம் வந்தால் அந்தக் கிளையில்தான் கூடு கட்டி முட்டையிடும்.

மீன் பிடிக்க அவை ஒன்றாகத்தான் இறங்கும். பிறை போல வளைந்து நின்று, சிறகால் தண்ணீரை அடித்து, மீன்களைக் கரைப்பக்கம் ஒதுக்கும். பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் தாழ்த்திப் பை போன்ற அலகால் அள்ளும். வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தாலும் மீன் அந்த வழியே தப்பிவிடும்.

ஒரு நாள் நெட்டைவாலன் என்ற குரங்கு அந்தக் கரையில் ஒரு கல்லூரி தொடங்கியது. அது பிறந்ததிலிருந்து ஏரியில் கால் வைத்ததில்லை.

"மீன்பிடி நிர்வாகம் கற்றுத் தருகிறேன்!" என்று அது கூவியது. "இங்கே படித்தவன் தண்ணீரில் நனைய வேண்டாம். கரையில் நின்று கட்டளையிட்டால் போதும், மீன் வந்து சேரும்!"

"கட்டணம் என்ன?" என்று பறவைகள் கேட்டன.

"உங்கள் கிளை மட்டும்தான்!"

பறவைகள் தயங்கின. ஆனால் ஆள் சேர்க்க ஒரு நாரை வீடு வீடாக அலைந்தது. சேர்த்துவிட்டால் உச்சிக்கிளையைத் தருவதாகக் குரங்கு அதற்கு வாக்குக் கொடுத்திருந்தது. இதை நாரை யாரிடமும் சொல்லவில்லை.

அல்லி என்ற கூழைக்கடாவுக்குத் தும்பன் ஒரே மகன். நாரை அங்கேயும் வந்தது.

"என்னக்கா யோசனை? தும்பனும் காலமெல்லாம் சேற்றில் கிடக்கணுமா?"

"கிளையைக் கொடுத்துவிட்டு நான் எங்கே முட்டையிடுவேன்?" என்றது அல்லி.

"மழைக்குள் பையன் தலைவனாகிவிடுவான்! அப்புறம் உனக்கு இல்லாத கிளையா?"

குரங்கும் நெஞ்சில் கை வைத்தது. "கட்டளையிட்டும் மீன் வராவிட்டால் கிளையைத் திருப்பித் தருகிறேன், தாயே! இந்த மரமே சாட்சி!"

அல்லி கிளையைக் கொடுத்தது. ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களும் கொடுத்தன.

கல்லூரியில் கழுத்தை நிமிர்த்தவும், தொண்டையைக் கனைக்கவும், சிறகை நீட்டி இடது வலது காட்டவும் குரங்கு கற்றுத் தந்தது.

"ஐயா, மீன் எங்கே இருக்கும்?" என்று தும்பன் ஒரு முறை கேட்டது.

"அதெல்லாம் வேலைக்காரன் கேட்கிற கேள்வி! உட்கார்!" என்றது குரங்கு.

படிப்பு முடிந்ததும் ஆளுக்கொரு கோரைப்புல் தொப்பி கிடைத்தது. "இதுதான் பட்டம்! இது தலையிலிருந்து விழவே கூடாது. விழுந்தால் பட்டம் போச்சு!" என்று குரங்கு எச்சரித்தது.

தலையைத் தாழ்த்த முடியாத கூழைக்கடா எப்படி மீன் அள்ளும்? ஒருவரும் கேட்கவில்லை. தொப்பி அவ்வளவு அழகாக இருந்தது.

மறுநாள் கரை முழுவதும் தொப்பிகள். தண்ணீரில் பெரியவர்கள் சிலர் மட்டுமே. வரிசையெங்கும் இடைவெளி. மீன்கள் சிரித்துக்கொண்டு போயின.

அல்லி காலி அலகோடு வந்து சேற்றில் உட்கார்ந்தது. கிழக்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.

"கண்ணு, முட்டையிடும் நேரம் வந்துவிட்டது. இந்தச் சேற்றில் இட்டால் கீரி தின்றுவிடும்."

 தும்பன் நண்பர்களிடம் ஓடியது. "நாம் ஏமாந்துவிட்டோம்! வாருங்கள், தொப்பியைக் கழற்றிப் போட்டுக் கிளைகளைத் திருப்பிக் கேட்போம்!"

"மெதுவாப் பேசுடா!" என்றது ஒன்று. "இந்தப் படிப்பு வெத்து என்று வெளியே தெரிந்தால் நம்மை யார் மதிப்பார்கள்?"

"என் தலையில் இருப்பது எங்கள் வீட்டுக் கிளைடா! இதைக் கழற்றச் சொல்கிறாயா?" என்றது இன்னொன்று.

தும்பன் தனியாகக் குரங்கிடம் போனது. அன்று அடுத்த ஏரியிலிருந்து பல பெற்றோர் பிள்ளைகளைச் சேர்க்க வந்திருந்தார்கள். தொப்பி போட்டவர்களும் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தார்கள்.

"ஐயா, எங்கள் கட்டளைக்கு மீன் வரவில்லை. ஒரே ஒரு முறை நீங்கள் செய்து காட்டுங்கள்!"

இத்தனை பேர் முன்னால் குரங்கு எப்படி மறுக்கும்? அது பாறையில் ஏறிக் கனைத்தது. "இடது! வலது! அள்ளு!"

ஏரி அசையவில்லை. ஒரு தவளை மட்டும் குதித்தது.

"யாராவது தண்ணீரில் இறங்குங்களேன்!" என்று கத்தியது குரங்கு.

"யார் இறங்குவது ஐயா? நாங்கள் எல்லாரும் தலைவர்களாச்சே!" என்றது தும்பன்.

"இறங்கினால் தொப்பி விழுந்துவிடுமே!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். தொப்பி போட்டவர்களே சிரித்துவிட்டார்கள். வந்திருந்த பெற்றோர் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு திரும்பினார்கள்.

தும்பன் தன் தொப்பியைக் கழற்றித் தரையில் போட்டது. "நான் ஏமாந்தேன். எங்கள் கிளையைக் கொடுங்கள்!"

 பிறகு ஒரு தொப்பி விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் எல்லாம்!

"கொடுத்தது கொடுத்ததுதான்!" என்று சீறிய குரங்கு மரத்தில் தாவி ஏறியது.

"மரமே சாட்சி என்றீர்களே! சாட்சியிடமே போகிறோம்!" என்று தும்பன் பறந்தது. கூட்டம் முழுவதும் பின்னால் பறந்தது. அவரவர் கிளையில் அவரவர் உட்கார்ந்தார்கள். குரங்குக்கு ஒரு கால் வைக்கவும் இடமில்லை. அது குதித்து ஓடியது. பிறகு அந்தப் பக்கம் வரவேயில்லை.

அன்று மாலையே எல்லோரும் ஏரியில் இறங்கினார்கள். நிமிர்ந்து பழகிய கழுத்துகள் முதலில் வளைய மறுத்தன. ஆனாலும் பிறையில் இடைவெளி இல்லை. அலகுகள் நிரம்பின.

தொப்பிகளை வீணாக்கவில்லை. பிரித்தெடுத்த கோரையைக் கூட்டில் மெத்தையாகப் பரப்பினார்கள். முதல் மழை விழுந்தபோது அல்லி அதன்மேல் முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது.

"எனக்கு அப்போதே சந்தேகம்தான்" என்று நாரை இன்றும் சொல்லித் திரிகிறது. அதை யாரும் பக்கத்தில் சேர்ப்பதில்லை. சேர்க்கவும் கூடாது.

படிப்பைத் தராமல் பட்டத்தை விற்பவன், ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு வாயை மூடும்வரைதான் பிழைப்பான். ஒருவன் துணிந்து உண்மையைச் சொன்னால் எல்லோரும் தப்பிக்கலாம்.