கடற்பசு முகத்தைக் கவிழ்த்துக்கொண்டது

அந்தக் காலத்தில் கடலில் இருப்பதெல்லாம் பேசும். மீன் பேசும், நண்டு பேசும், பாறையில் ஒட்டிக்கிடக்கிற சிப்பிகூட மனசு வந்தால் இரண்டு வார்த்தை பேசும். எல்லாவற்றையும்விட நன்றாகப் பேசியது கடற்பசுதான். அதற்கு அப்போது இப்போதிருக்கிற முகம் கிடையாது. வாய் நேராக இருக்கும். கழுத்து நிமிர்ந்திருக்கும். மார்பளவுத் தண்ணீரில் வாலை ஊன்றிக்கொண்டு மனுஷி மாதிரி நிற்கும். துடுப்பு மாதிரி இருக்கிற கையால் கன்றை அணைத்துப் பால் கொடுத்துக்கொண்டே ஊர்க்கதை பேசும்.

கோரைத்துறைப் பெண்களுக்கு இது தெரியும். நீர் வற்றும் நேரம் பார்த்து, விரல்களில் கந்தல்துணியைச் சுற்றிக்கொண்டு, கஞ்சிப்பாசி பறிக்க அவர்கள் கடலில் இறங்குவார்கள். மீன் வராத நாளில் அந்தப் பாசியைக் காய்ச்சித்தான் வீட்டில் வயிறு நிறையும். பாசிப் பாறைக்கு அந்தப்பக்கம் கடற்புல் மேடு. புல் மேயக் கடற்பசு வரும், பாசி பறிக்க இவர்கள் வருவார்கள். பக்கத்துப் பக்கத்து வயலில் வேலை செய்கிறவர்கள் எத்தனை நாளைக்குப் பேசாமல் இருக்கமுடியும்? காற்று திரும்பப் போகிறதென்றால் கடற்பசு முதல்நாளே சொல்லிவிடும். எந்தப் பாறையிடுக்கில் விஷமுள் மீன் கிடக்கிறது, எங்கே கால் வைக்கக்கூடாது என்று சொல்லும்.

ஆண்களுக்கு ஏன் தெரியவில்லை என்றால், அவர்கள் கேட்கவில்லை. விடியுமுன் கடலுக்குப் போவார்கள், வருவார்கள், சாப்பிடுவார்கள், படுப்பார்கள். இன்றைக்கு யாரோடு பேசினாய் என்று எந்தப் புருஷன் எந்தக் காலத்தில் கேட்டிருக்கிறான்?

அந்தப் பெண்களில் உடையாள் என்று ஒருத்தி. கை வேகம், வாய் அதைவிட வேகம். கடற்பசுவுக்கு அவளைத்தான் ரொம்பப் பிடிக்கும், இரண்டு பேருக்கும் பொறுமை கிடையாது என்பதால். அந்த வருஷம் கடற்பசு கன்று போட்டிருந்தது. பத்து நாள் குட்டி.

"ஏத்தா, கொஞ்ச நேரம் பேசாம இரு. எண்ணிக்கிட்டு இருக்கேன்" என்றது கடற்பசு.

"எதை எண்ணுறே?"

"இவ மூச்சை. இருபது எண்ணுறதுக்குள்ள இவ மேல வந்து மூச்சு எடுக்கணும். எனக்கு இருநூறு எண்ணினாலும் தாங்கும். இவளுக்கு நெஞ்சு சின்னது. வழியை மறந்துட்டு அடியிலயே சுத்துறா."

"ஒரு புள்ளைக்கே இந்தப் பாடா?"

"ஆறு வருஷத்துக்கு ஒன்னுதான் எங்களுக்கு. நீங்க வருஷத்துக்கு ஒன்னு பெத்துப் போட்டுட்டு என்னைக் கேலி பண்றீங்க."

பதினெட்டில் குட்டி மேலே வந்தது. மூக்கை நீட்டி, புஸ்ஸென்று ஊதி, அம்மா மார்பைத் தேடியது. பாசி பறித்த பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

உடையாளின் புருஷன் நம்பையன், ஒருநாள் காலையில் கடலிலிருந்து திரும்பும்போது, தூரத்திலிருந்து அதைப் பார்த்தான். இடுப்புக்கு மேல் பெண், தலையில் வழிகிற கடற்பாசி, மார்பில் குழந்தை. துடுப்பைக்கூட விட்டுவிட்டான். கரைக்கு வந்து, வலை காயப்போடுகிற இடத்தில் எல்லாரிடமும் சொன்னான்.

"மாப்ளே, ஒரு பொம்பளை உன்னைத் திரும்பிப் பாத்தான்னா அது நடுக்கடல்லதான் நடக்கும்" என்றான் ஒருவன்.

"விடியுமுன்ன குடிக்காதேன்னா கேக்குறானா" என்றான் இன்னொருவன்.

மறுநாள் கேலி செய்தவர்களில் இரண்டு பேரே பார்த்துவிட்டு வந்தார்கள். அதற்கப்புறம் தினம் ஒருவன். ஒருவன் பார்த்தபோது அவள் பொன்னிறமாக இருந்தாள். அடுத்தவன் பார்த்தபோது பாடினாள். அதற்கடுத்தவனுக்கு அவள் காலில் கொலுசு தெரிந்தது. தண்ணீருக்குள் இருக்கிற காலில் கொலுசை எப்படிப் பார்த்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. முதலில் பார்த்த நம்பையனை மட்டும் இன்னும் யாரும் நம்பவில்லை. அவன் சொன்னதில் பொன்னும் இல்லை, பாட்டும் இல்லை.

ஊர்த் தலைவர் வில்லாயுதம் கூட்டம் போட்டார். அது தெய்வமா பேயா என்று தெரியாமல் யாரும் வலை இறக்கக்கூடாது என்று தீர்த்துவிட்டார். ஆண்களுக்கு வசதியாகப் போயிற்று. பகல் முழுக்க மணலில் உட்கார்ந்து, பார்த்ததையும் பார்க்காததையும் பேசினார்கள். எட்டு நாள் ஒரு வள்ளமும் கடலில் இறங்கவில்லை. எட்டு நாளும் மூன்று வேளையும் பாசிக்கஞ்சி. அதைப் பறித்தது யார், சுமந்தது யார், அலசிக் காய்ச்சியது யார் என்று நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா?

எட்டாம் நாள் நம்பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"எல்லாரும் என்னைக் குடிகாரன்ங்கிறான். அது என்னன்னு தெரியாம நான் கடலுக்குப் போகமாட்டேன்."

உடையாள் அகப்பையைக் கீழே வைத்தாள். "புள்ளைக நாக்கெல்லாம் பச்சையாப் போச்சு. என் விரல்ல தோலு இல்ல. இங்க பாருங்க. நீங்க பாத்தது கடற்பசு. கன்னுக்குப் பால் குடுத்துக்கிட்டு இருந்துச்சு. நீர் வத்துற நேரத்துல புல்மேட்டுல நிக்கும். நாங்க தினம் பேசுறோம். போதுமா? நாளைக்கு வலையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்புங்க."

நம்பையன் வாயைப் பிளந்தான். "இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"கேட்டீங்களா?"

யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அவள் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்றே தோன்றவில்லை. ஏனென்றால் அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல மீன் கிடக்கிற பாறையை ஒருவன் கண்டுபிடித்தால், கரையில் தெரிகிற மரத்தையும் மேட்டையும் ஒன்றுக்கொன்று நேராக வைத்து இடத்தைக் குறித்துக்கொள்வான். அந்த அடையாளத்தைச் சொந்தத் தம்பிக்குக்கூடச் சொல்லமாட்டான். அப்படிப்பட்டவன் இதை மட்டும் சொல்லிவிடுவானா என்று நினைத்தாள். அங்கேதான் தப்புப் பண்ணினாள். மீன் என்றால் நம்பையன் வாயே திறந்திருக்க மாட்டான். இது மீன் இல்லையே. வெறும் காட்சிதானே. காட்சியை யாருக்குக் கொடுத்தால் என்ன குறையப் போகிறது?

நேராக வலை காயும் இடத்துக்குப் போனான்.

"அடையாளம் சொல்லு பாப்போம்" என்றார் வில்லாயுதம்.

"ஒத்தைப்பனை வெள்ளை மணல்மேட்டு உச்சியில ஏறி உக்காந்த மாதிரி தெரியணும். கிழக்க தாழம்புதர் ரெண்டாப் பிரியணும். ரெண்டும் கூடுற இடம். நீர் வத்துற நேரம்."

தன் வாழ்நாளில் அவன் வெளியே சொன்ன ஒரே அடையாளம் அதுதான்.

மறுநாள் ஊரில் இருந்த நாற்பது வள்ளமும் இறங்கின. எட்டு நாளாகப் பயந்து கிடந்தவர்களுக்கு அன்றைக்குப் பயமில்லை. பெண்களிலும் சிலர் ஏறிக்கொண்டார்கள், அதை நான் மறைக்கப் போவதில்லை. குழந்தைகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். ஒருவரும் வலை எடுக்கவில்லை, ஈட்டி எடுக்கவில்லை. பார்க்கத்தானே போகிறோம் என்றார்கள்.

கடற்பசு புல்மேட்டில் நின்றுகொண்டிருந்தது. பாறையில் பாசி பறித்துக்கொண்டிருந்த உடையாள் வள்ளங்கள் வருவதைப் பார்த்தாள். என்ன நடக்கிறதென்று அவளுக்குப் புரிவதற்குள் அவை வட்டம் கட்டிவிட்டன. முன்வரிசை நின்றதும், பின்னால் வந்தவர்களுக்குத் தெரியவில்லை என்று முட்டிக்கொண்டு வந்தார்கள். பாய் முடைந்த மாதிரி வள்ளத்தோடு வள்ளம் ஒட்டி நின்றது. நடுவில் ஒரு சின்ன வட்டம் மட்டும் தண்ணீர்.

கடற்பசு முதலில் பயப்படவில்லை. "என்னப்பா, ஊரே வழி தவறி வந்துட்டீங்களா?" என்றது.

"பேசுது" என்றான் ஒருவன். அவ்வளவுதான், பின்வரிசை இன்னும் நெருக்கியது. அந்தச் சத்தத்தில் மிரண்டு குட்டி அடியில் இறங்கி ஓடியது. வள்ளங்களுக்குக் கீழே போய்விட்டது.

கடற்பசு எண்ணத் தொடங்கியது. ஏழு எண்ணியபோது, "கொஞ்சம் விலகுங்க, குட்டி மேல வரணும்" என்றது.

"குட்டி இருக்காமில்ல. அதையும் காட்டு ஆத்தா."

"விலகினாத்தான்யா அது வரும்."

"ஒரு நிமிஷம் ஆத்தா. பின்னாடி இருக்கவங்க இன்னும் பாக்கல."

மரியாதையாகத்தான் சொன்னான், படுபாவி.

உடையாள் பாசிக்கூடையை எறிந்துவிட்டு நீந்தி வந்தாள். கடைசி வள்ளத்தைப் பிடித்து இழுத்தாள். "விலகுங்கடா. குட்டிக்கு மூச்சு இருபது எண்ணுற வரைக்கும்தான். விலகுங்க."

வில்லாயுதம் தன் வள்ளத்திலிருந்து திரும்பிப் பார்த்தார். "நீ தினம் பாக்குறவ. நாங்க ஒருநாள் பாக்கக்கூடாதா?"

பதினாறு, பதினேழு. நம்பையன் காலுக்குக் கீழே, வள்ளத்தின் அடிப்பலகையில், ஏதோ முட்டியது. பாறை என்று நினைத்தான். மறுபடியும் முட்டியது. அங்கே பாறை கிடையாது என்று அவனுக்குத் தெரியும். துடுப்பை எடுத்துத் தள்ளப் பார்த்தான். இருபுறமும் வள்ளம், பின்னால் வள்ளம். தள்ள இடமில்லை. மூன்றாவது முட்டு மெதுவாக இருந்தது. அதற்கப்புறம் சத்தமில்லை.

கடற்பசு முங்கியது. நம்பையனின் வள்ளத்தைத் தோளால் தூக்கிக் கவிழ்த்துவிட்டு அந்த இடைவெளியில் மேலே வந்தது. கையில் குட்டி. அதன் மூக்கைத் தண்ணீருக்கு மேல் தூக்கிப் பிடித்தது. குட்டி ஊதவில்லை. இன்னும் தூக்கிப் பிடித்தது.

அப்போதுதான் வட்டம் தானாக விலகியது. இப்போது எவ்வளவு இடம் வேண்டுமானாலும் இருந்தது.

கடற்பசு உடையாளைப் பார்த்தது. "இவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் சொன்னேன்" என்றாள் உடையாள். தண்ணீரில் மிதந்துகொண்டே சொன்னாள். "என் வீட்டுக்காரர்கிட்ட. கோவத்துல."

கடற்பசு அவளை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அது வள்ளங்களின் பக்கம் திரும்பியது.

"ஈட்டியோட வந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். புள்ளையத் தூக்கிட்டு ஓடியிருப்பேன். வலையோட வந்திருந்தாலும் ஓடியிருப்பேன். நீங்க வெறும் கண்ணோட வந்தீங்க. கண்ணுக்கு எப்படி ஒதுங்குறதுன்னு எனக்குத் தெரியல. இப்பத் தெரிஞ்சுக்கிட்டேன். இனிமே உங்களுக்குக் காட்ட எனக்கு முகம் கிடையாது. உங்களோட பேச வாயும் கிடையாது. மூச்சுக்கு மட்டும் மேல வந்துதான் ஆகணும், வேற வழி இல்ல. அதுக்கு ரெண்டு துளை போதும்."

குட்டியை அணைத்துக்கொண்டு கீழே இறங்கியது. கடற்புல்லின் வேரில் முகத்தை வைத்து அழுத்தியது. நேராக இருந்த வாய் கீழ்ப்பக்கமாக வளைகிறவரை அழுத்தியது. மேலுதடு தடித்துத் தொங்கி வாயின்மேல் கதவு மாதிரி விழுந்து மூடிக்கொள்கிறவரை அழுத்தியது. நிமிர்ந்த கழுத்து உடம்புக்குள் புதைந்தது. மூக்கு மட்டும் இரண்டு துளையாக உச்சிக்கு ஏறியது. தெளிந்த தண்ணீர், எல்லாம் தெரிந்தது. பார்க்க வந்தவர்கள் அதையும் பார்த்தார்கள்.

திரும்பி வரும்போது வில்லாயுதம் சொன்னார்: "நம்ம மேல ஒரு தப்பும் இல்ல. நாம தொடக்கூட இல்லையே." பக்கத்து வள்ளத்துக்காரர்கள் ஆமாம் என்றார்கள். உடையாள் அவர் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நீந்தி வந்துகொண்டிருந்தாள். "தொட்டு விலக்கியிருந்தாலும் பிழைச்சிருக்கும்" என்றாள். கரை வரைக்கும் அவள் வள்ளத்தில் ஏறவில்லை. கவிழ்ந்த பிறகு அதே வள்ளத்தில் ஏறியிருந்த நம்பையன் கை நீட்டினான், அதையும் பிடிக்கவில்லை.

மறுநாள் நீர் வற்றும் நேரத்தில் புல்மேட்டுக்குப் போய்க் கூப்பிட்டாள். அதற்கடுத்த நாளும் கூப்பிட்டாள். ஒரு மாதம் கழித்து ஒருநாள், தண்ணீர் விலகி, இரண்டு துளை தெரிந்தது. புஸ்ஸென்று ஊதியது. உடையாள் வாயைத் திறப்பதற்குள் மூடிக்கொண்டு இறங்கிவிட்டது.

அன்று மடிந்த வாய்தான் இன்றுவரை கடற்பசுவுக்கு மடிந்தே இருக்கிறது. அது பேசுவதில்லை. மூக்கின் இரண்டு துளையை ஒரு நொடி காட்டிவிட்டு இறங்கிவிடும். கோரைத்துறைக்காரர்கள் அதைக் கண்டால் வள்ளத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். எங்கே கண்டாய் என்று கரையில் ஒருவரும் கேட்கமாட்டார்கள், கேட்டாலும் பதில் வராது. அதன் முகத்தை முழுசாகப் பார்த்தவர்களும் இந்தக் கரையில் இருக்கிறார்கள். ஆனால் அது செத்து மணலில் ஒதுங்கிய பிறகுதான் பார்த்தார்கள்.